ஃப்ளாப்பிக்கு வைத்த தட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் உடம்பு சரியில்லாமல் போகும். மற்ற நாட்களில் சமர்த்தாக இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு யோசித்து யோசித்துப் போகும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது வந்து சேர்வதற்குள் அடுத்த எழுத்து மறந்துவிடும். அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து, படுத்த மாமனாரைப் பார்க்கும் மருமகன் மாதிரி, கவலையும் எரிச்சலுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புனேயில் கட்கிப் பக்கம், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே சூப்பர்வைசர். எங்கள் வரிசையில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது நாங்கள்தான், அதனால் அது வரிசைக்கே பொதுவாகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளைக்கு எதை டைப் அடிக்க வேண்டுமானாலும் எங்கள் ஹாலுக்குத்தான் வரும். எனக்கு ஒன்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர்காரர் வீட்டுப் பெண் என்ற தலைக்கனம் வேறு.

வைரஸ் என்று ஒன்று உண்டு, அது ஃப்ளாப்பியில் ஏறி வந்து மிஷினை மெதுவாக்கிவிடும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. அவருக்குப் புரிந்த விதம்தான் வினையாகப் போயிற்று. தொழிற்சாலை கேட்டில் தினமும் நடப்பதுதானே அது. உள்ளே போகிறவன் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். வெளியே வருகிறவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்க வேண்டும். காவலர் உடம்பைத் தடவிப் பார்ப்பார், டிபன் டப்பாவையும் திறந்து பார்ப்பார். அப்பா அதே முறையில் எங்கள் கதவருகே ஒரு ஸ்டூல் போட்டு எவர்சில்வர் தட்டு வைத்தார். வருகிறவர்கள் ஃப்ளாப்பியை அதில் வைக்க வேண்டும், அப்பா சோதித்த பிறகுதான் மிஷினில் போடலாம். வேறு ஊராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். எங்கள் வரிசைக்குப் பழகிய சட்டம், சிரித்துக்கொண்டே கட்டுப்பட்டார்கள்.

எதிர் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைகளில்தான் வருவாள். டிப்ளமா கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்தால்தான் ஹடப்சரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அவளை அனுப்புவார்கள். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடே இருந்தது, ஏனென்றால் அவளுடைய அப்பா சஸ்பென்ஷனில் இருந்தார். கேட் சோதனையில் அவருடைய டிபன் டப்பாவிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு வந்ததாம். அவர் வைத்ததா, வேறு யாராவது போட்டதா என்று விசாரணை இழுத்துக்கொண்டே போனது. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும், என்னிடம் யாரும் சொல்லவில்லை. எதிர் வீட்டு மாமாவுக்கு லீவு என்றார்கள். கேரம் ஆட ஆள் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அக்கா வரும் நாளில்தான் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்கிறது என்பதை அப்பா கண்டுபிடித்தார். அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் தட்டில் ஃப்ளாப்பியை வைத்துவிட்டு உள்ளே வரப்போனாள். அப்பா நிறுத்தினார்.

“பையில வேற ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா? கொஞ்சம் தொறந்து காட்டிட்டுப் போ.”

அதுவரை யார் பையையும் அவர் திறக்கச் சொன்னதில்லை. ஹாலில் பக்கத்து வீட்டு மராட்டிப் பிள்ளைகள் இருந்தார்கள். “வேற எதுவும் இல்ல மாமா” என்றாள் அக்கா. “ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்மா” என்று அப்பா சிரித்தார். அவர் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

அக்கா பையைத் தரையில் வைத்தாள். பிறகு வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.

நான் கைதட்டிச் சிரித்தேன். கேட் விளையாட்டு என்று நினைத்தேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “ஐயோ, அப்படிச் சொல்லலம்மா” என்று எழுந்தார். அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டாள். தட்டில் கிடந்த ஃப்ளாப்பியை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. அம்மா வழக்கம்போல சாம்பிராணி போட்டாள். சாமி படங்களுக்குக் காட்டி, கம்ப்யூட்டருக்கும் காட்டி, கடைசியில் அனலோடு தூபக்காலைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். நடு ஹாலில் வைத்தால் குழந்தைகள் காலில் பட்டுவிடும் என்பதால், கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதுதான் இடம். கொஞ்ச நேரத்தில் மிஷின் படுத்துக்கொண்டது. அப்பா ஸ்விட்சை அணைத்து, ஸ்க்ரூ கழற்றிப் பெட்டியைத் திறந்தார். தொட்ட கையை உதறினார், அவ்வளவு சூடு. உள்ளே இருந்த சின்ன ஃபேன் முழுக்க சாம்பல் அப்பியிருந்தது. அனலையும் புகையையும் வாரா வாரம் அதுவேதான் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஊதினார், ஹாலெல்லாம் கோயில் வாசனை. அம்மா தூபக்காலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அப்பா சட்டையை மாட்டினார். வாசல் வரை போய்ச் செருப்பைப் போட்டார், கழற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“போயி அக்காவக் கூட்டிக்கினு வா கண்ணு. மிஷின் சரியாயிடுச்சு, அவ மேல தப்பில்லன்னு அப்பா சொன்னாருன்னு சொல்லு.”

ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர், இந்த ஒரு வேலைக்கு என்னை அனுப்பினார்.

பெருமையோடு ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து, பஜாரில் டைப் அடிக்கக் கொடுப்பதற்காக மீதிப் பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ரிப்போர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஹடப்சர் வேலையும் அவளுக்குக் கிடைத்தது. எங்கள் கம்ப்யூட்டருக்கு அதில் பங்கில்லை.

என்னைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாசற்படியில் நின்று, கைகளை அகலமாக விரித்து, “மாமா, செக் பண்ணுங்க” என்றேன்.

அக்காவின் பேனா நின்றது. மாமா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு அதெல்லாம் வேணாம் பேட்டா” என்றார்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். சரிம்மா என்றார்கள், யாரும் எழுந்து வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை, ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்பா எங்கள் வாசலிலேயே நின்றிருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவர்கள் வீட்டில் நின்றதைப் போலவே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, “மாமா செக் பண்ணவே இல்லப்பா” என்று புகார் சொன்னேன். அப்பா எதிர் வீட்டைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சிரிப்பார் என்று நினைத்து, நான் கைகளை இறக்காமல் வாசலிலேயே நின்றேன்.