பூனையா, கிடாவா?

கார் விற்கிறவனுக்குக் காரைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது; வருகிறவர் எதற்கு வருகிறார் என்று தெரிய வேண்டும், அது பெரும்பாலும் அவர் போன பிறகுதான் தெரியும். கடையில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். நீங்கள் புடவை, செருப்பு, மிக்ஸி என்று படுகிற பாட்டை நான் நாலு சக்கரத்தில் படுகிறேன், அவ்வளவுதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், பழைய கார் வாங்கி விற்கிற ஷெட்டில் எனக்கு வேலை. வருவதெல்லாம் குடும்பக் கார்கள். கிளி பொம்மை தொங்கும், பின் சீட்டில் பிஸ்கட் தூள் கிடக்கும். இந்த வருஷம் ஆனி பிறந்ததும் முதலாளியைப் பிடித்துக் கெஞ்சி, கொச்சியிலிருந்து ரெண்டு அபூர்வமான கார்களை வரவழைத்தேன். ஒன்று பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளை நிறம், ரெண்டே சீட்டு, கதவு வானத்தைப் பார்த்துத் திறக்கும். இன்னொன்று பெட்ரோல் செடான். கருநீலம், ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், மிதித்தால் சும்மா பிய்த்துக்கொண்டு போகும். சத்தமே போடாமல் நகர்வதால் முதலாவதற்குப் பூனை என்றும், சத்தம் போட்டு முட்டப் பாய்வதால் இரண்டாவதற்குக் கிடா என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் லாரியிலிருந்து இறங்கிய அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளிக்கு இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஆடி பொறந்துட்டா ஒருத்தனும் வண்டி எடுக்க மாட்டான். ஆனிக்குள்ள ரெண்டுல ஒண்ணாவது போகணும். இல்லேன்னா ரெண்டையும் கொச்சிக்கே ஏத்தி விட்டுட்டு, உன்னைய டிராக்டர் பக்கம் அனுப்பிருவேன், பாத்துக்கோ."

டிராக்டர் பக்கம் என்றால் சுரண்டை ரோட்டில் இருக்கிற எங்கள் இன்னொரு ஷெட். அங்கே நிற்க நிழல்கூடக் கிடையாது.

ஸ்டார்ட் ஆகாத கார்

இரண்டு வாரம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு அளவில்லை. அருவிக்குப் போகிறவர்கள் ஈரத் துண்டோடு வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். வாங்குகிற முகத்தோடு வந்தவர் ஒருவர்தான், மேலகரம் சண்முகவேல் அண்ணாச்சி. பந்தல், சேர், பாத்திரம், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். சின்னதாக ஆரம்பித்து, இன்றைக்கு ஐந்து ஊரில் கடை. கூடவே அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா. "எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருவத்தஞ்சு வருசம் ஆகுது. அதுக்கு ஒரு நல்ல காரா எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி. எனக்குக் கை பரபரத்தது.

அண்ணாச்சியைப் பூனையின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பட்டனை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். கார் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் முதலில் பேட்டரிதானே? ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார், அணைந்தது. மறுபடி அழுத்தினார், உயிர் வந்தது. நான் மீட்டரில் மின்னுகிற எழுத்தைக் காட்டி, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறை. அதற்குள் ஏழெட்டு முறை அழுத்திவிட்டார். கடைசியில் தலையை வெளியே நீட்டி, பாவப்பட்ட குரலில் சொன்னார்: "செல்ஃப் போயிருச்சு தம்பி. தள்ளிவிட நம்ம கடையில இருந்து நாலு ஆளு வரச் சொல்லட்டா?"

டிக்கி

அக்கா பூனையைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். பொழுது போகாமல் நிற்கிறார் என்று நினைத்து நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். காபியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல சாமான் எவ்வளவு கொள்ளும்?"

பூனையின் டிக்கியில் ஒரு கைப்பை வைக்கலாம், பையைக் கொஞ்சம் அமுக்கினால். "அதை விடுங்கக்கா" என்று அவரைக் கிடாவிடம் கூட்டிப்போய் டிக்கியைத் திறந்து காட்டினேன். அரிசி மூட்டை வைக்கலாம், பெட்டி வைக்கலாம், தென்காசி சந்தையையே வைக்கலாம் என்று அளந்து தள்ளினேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அப்போதே கிடா விற்றுவிட்ட மாதிரி ஒரு துள்ளல். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாத்தான் கொள்ளுது."

நாலு விரல் உயரம்

டெஸ்ட் டிரைவுக்கு என்று எனக்கு ஒரு பாதை உண்டு. பூனையின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான். அதனால் எந்த ஸ்பீடு பிரேக்கர் எந்தக் கடைக்கு முன்னால், எது புதிதாக முளைத்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூட வராத மாதிரி சுற்றிக் காட்டிக் கொண்டுவந்துவிடுவேன். அண்ணாச்சி ஓட்டவில்லை. "நீ ஓட்டு தம்பி, நான் பாக்குதேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரிய மனுஷன், நிதானமாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற போக்கில் "நம்ம தெரு வழியா விடு" என்றார். மறுக்க முடியுமா? மேலகரத்தில் அவர் வீட்டுத் தெருவுக்குள் திருப்பினேன். அவர் வீட்டுக்கு முன்னாலேயே, பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று தெருக்காரர்கள் தாங்களே போட்ட ஒரு சிமெண்ட் மேடு. உருட்டி உருட்டித்தான் ஏற்றினேன். கீழே 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் ஈரக்குலையே உரசுகிற மாதிரி இருந்தது. அண்ணாச்சி கலங்கவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு யோசனை சொன்னார்: "அடியில ரெண்டு கோணிச் சாக்கு கட்டி விட்டா என்ன?"

சத்தம்

கிடா வேறு ரகம். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் ஐந்தருவி ரோட்டில் எடுத்தேன். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது, ரோடு காலி. ஒரு மிதி. அடேயப்பா, அந்த உறுமலை என்னவென்று சொல்ல? மரத்திலிருந்த குரங்குகள் மொத்தமாக இடம் மாறின. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை ஓட்டினாலும் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும், அன்றைக்கும் வந்தது. பக்கத்தில் பார்த்தால் அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை இறுக்க மூடியிருந்தார். ரசிக்கிறார் என்றே நம்பினேன். வண்டி நின்றதும் கண்ணைத் திறந்து, தொழில்காரராகவே சொன்னார்: "சத்தம் அருமை. இதத் தனியாக் கழட்டி வாடகைக்கு விடலாம் போலிருக்கு."

ஐந்து பேர்

மறுநாள் அண்ணாச்சியின் தம்பி குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. பூனையை ஒரு பார்வை பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். கிடாவில் ஏறி, இறங்கி, இடம் மாறி உட்கார்ந்து, திருச்செந்தூருக்கு யார் யார் எங்கே என்பதுவரை முடிவு செய்துவிட்டார்கள். அக்கா ஓரமாக, பூனையின் பக்கம் நின்றிருந்தார். ஆனி முடிய மூன்றே நாள். நான் மனதுக்குள் கிடாவுக்கு மாலையே போட்டுவிட்டேன். தம்பி கிளம்பும்போது அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னார்: "இனி ஆஸ்பத்திரி, கோயிலு, ரயிலடி எதுக்கும் கவலையில்ல மதினி, உங்களுக்கு ஒரு போனைப் போட்டாப் போதும்."

சாவி

ஆனி கடைசி நாள். கார்களைக் கொச்சிக்கு ஏற்றிப்போக லாரி வந்து ஷெட் வாசலில் நின்றுவிட்டது. முதலாளி லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அண்ணாச்சியும் அக்காவும் வந்தார்கள். துடைத்து நிறுத்தியிருந்த கிடாவின் சாவியை இரண்டு கையாலும் அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"என்கிட்ட ஏன் நீட்டுத? எனக்கு லைசென்ஸே கிடையாதுல்லா" என்றார் அண்ணாச்சி. "காரு அவளுக்கு. நான் ஒரு நாளாவது எனக்குன்னு சொன்னனா? இருவத்திரண்டு வருசமா நம்ம லோடு வேனை ஓட்டுதது யாருன்னு நெனச்ச?"

இரண்டு வாரமாக நான் பேசிய பேச்செல்லாம் ஓட்டத் தெரியாதவரிடம். வெட்கத்தில் காது சுட்டது. அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிடாவைச் செங்கோட்டை வரை ஒரே சீராக விட்டுத் திரும்பினார். குறையே சொல்லவில்லை. "சொன்னபடி கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூனையின் சாவியைக் கேட்டார்.

"மேடு இருக்குக்கா, நான் எடுக்கட்டுமா?" என்றேன். "நீ சும்மா இரு" என்றார். முதல் மேட்டுக்கு வந்ததும் வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். ஒரு கீறல் சத்தம் இல்லை. "நேரா ஏத்துனா பாத்திரம் பூராவும் உருண்டுரும் தம்பி. அந்தப் பழக்கந்தான்." என் மனப்பாடமெல்லாம் வீண்.

புளியரை ஏற்றத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதுவரை சத்தமில்லாமல் வந்த பூனை, அக்கா காலை அழுத்தியதும் முதுகுக்குப் பின்னால் இஞ்சின் விழித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். மேலே போய்த் திருப்பி, இறங்கி, இன்னொரு முறை ஏறினோம்.

ஷெட்டுக்கு வந்ததும் மனசாட்சி உறுத்தியது. விற்கிறவன் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அக்கா, நல்லா யோசிச்சுக்கோங்க. இதுல ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது. டிக்கியும் இல்லாத மாதிரிதான். ஒரு மூட்டை வைக்க முடியாது." முதலாளி என்னைக் கொல்லுகிற மாதிரி பார்த்தார். வானத்தைப் பார்த்துத் திறந்திருந்த கதவை அக்கா பிடித்து இறக்கிச் சாத்திவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "இருவத்திரண்டு வருசமா சேரு, பாத்திரம், பந்தக்காலு, சொந்தக்காரங்கன்னு ஏத்தி எறக்கிட்டேன் தம்பி. இதுல ஒண்ணும் ஏத்த முடியாதுன்னு மொத நாளே தெரிஞ்சு போச்சு, அதான் இது வேணும்."

அன்றைக்கு லாரி கிடாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது, நான் நிழலிலேயே இருக்கிறேன், ஆனால் இப்போதெல்லாம் யாருக்கும் டிக்கியைத் திறந்து காட்டுவதில்லை. சாவியை மேசை நடுவில் வைத்துவிட்டு, எந்தக் கை எடுக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.