பெட்டிக்கடைக்காரர் மகள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தியின் அப்பா வங்கியில் இருந்தார். ஒருவனின் அம்மா பல் மருத்துவர். தன் முறை வந்ததும் சின்னவள் எழுந்து, "எங்கப்பா பெட்டிக்கடை வச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அது பொய்யில்லை. கேட்டவர்கள்தான் மிட்டாய் ஜாடியும் சோப்பு அடுக்குமாக ஒரு கடையை மனதில் ஓட்டிக்கொண்டார்கள். அப்படியானால் எங்களுக்கெல்லாம் சாக்லெட் இலவசமா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு இவளும் சிரித்துவைத்தாள். அவள் அப்பா செய்து விற்றது சவப்பெட்டி.

பெரிய மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே கடை. கீழே பட்டறை, மேலே வீடு. அவளும் அக்காவும் மூடிகளின் மேல் புத்தகத்தை விரித்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவர்கள். அக்கா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் போய்விட்டாள். அவளுக்கு ஒரே பையன், எல்லாருக்கும் அவன் வாண்டு. பெட்டிகளைக் கண்டு சின்னவள் ஒருநாளும் பயந்ததில்லை. பேய் வராதா என்று கேட்பவர்களிடம், வார்னிஷ் நெடியில் அதுக்கே மூச்சு முட்டும் என்பாள். அவளுக்குப் பயம் வந்தது பாடத்தில் இருந்துதான்.

மூன்றாம் ஆண்டில் வணிக முன்கணிப்பு என்று ஒரு பாடம் வந்தது. அதை நடத்திய அம்மாள் எதைக் கேட்டாலும் நகரும் சராசரியில் இருந்தே பேச்சைத் தொடங்குவார். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் சராசரி மேடம். போன மாதங்களின் விற்பனையை வரிசையாக வைத்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்த்து, எந்தப் பருவத்தில் கூடுகிறது எதில் குறைகிறது என்று பிரித்து, வரப்போகும் மாதத்துக்கு ஓர் எண் சொல்வதுதான் பாடம். சின்னவளுக்கு அது சர்க்கரையாக இனித்தது. கல்விப் பருவ முடிவில் ஆளுக்கொரு நிஜ வியாபாரத்தை எடுத்து அறிக்கை எழுத வேண்டும் என்றதும், அப்பாவிடம் பழைய ரசீதுகளைக் கேட்டாள். மகள் படிப்புக்குத் தன் தொழில் உதவுகிறதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டையோடு தூசி தட்டிக் கொடுத்தார்.

அறிக்கையில், மரப்பெட்டி என்று மட்டும் போட்டு, பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்தாள். கோடு வரைந்தபோது ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது மேடு தட்டியது. மேடம் அதைத் திரையில் போட்டு, இவ்வளவு சுத்தமான பருவ ஏற்றம் பாடப்புத்தகத்தில்கூடக் கிடைக்காது என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். சின்னவள் திரையையே பார்த்தாள். கோட்டின் கடைசி மேடு, இன்னும் வராத குளிருக்கானது. அதற்குள் அடங்கப்போகிறவர்கள் இந்த நேரம் எங்கேயோ காய்கறி வாங்கிக்கொண்டு, பேருந்துக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது.

அன்றிலிருந்து யார் இருமினாலும் திரும்பிப் பார்த்தாள். தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் மூச்சு வாங்க நின்றதை வெறித்துப் பார்த்து, "என்ன பாப்பா, கடன் சொன்னவன பாக்கற மாதிரி பாக்கற" என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பெரியதும் நடுத்தரமும் கணக்குக்கு மசிந்தன. சிறியதுதான் மசியவில்லை. பெரும்பாலான மாதங்களில் அந்த வரிசை வெறுமையாகக் கிடந்தது. அப்பாவிடம் கேட்டபோது அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"சின்னத மட்டும் நான் முன்கூட்டி செஞ்சு வைக்கிறதில்லம்மா. கேட்டு வந்தா அன்னைக்கே உக்காந்து செஞ்சு குடுத்துடுவேன். செஞ்சு வச்சுட்டு யாருக்காகக் காத்திருக்கறது?"

இதை அப்படியே மேடத்திடம் சொல்ல முடியவில்லை. சிறியதின் வரிசையை விட்டுவிடலாமா என்று மட்டும் கேட்டாள். கூடாது என்றார் அவர். எப்போதாவது விற்கும் சரக்குக்கும் தனியாக ஒரு முறை இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதியே காட்டினார். சின்னவள் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றுக்குக் குறைவான ஒரு துணுக்கு வந்தது. குளிர் மாதங்களைக் கூட்டியபோது ஒன்று வந்தது. ஒன்று என்று எழுதி அறிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

குளிர் இறங்கிய சில நாட்களில் வாண்டுவுக்குக் காய்ச்சல். முதலில் சளி என்றார்கள். பிறகு மூச்சு இழுத்தது. அக்கா அவனைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு அந்தப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினாள். அவனை அங்கேயே சேர்த்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் கேட்டதும் சின்னவளுக்கு அறிக்கையில் எழுதிய ஒன்று நினைவுக்கு வந்தது. யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்துக்கூட அவள் அதை எழுதியிருக்கவில்லை. வெறும் எண்ணாகத்தான் எழுதினாள். இப்போது அதற்கு முகம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். அறிக்கையைத் திருப்பித் தர வேண்டும், ஓர் எண்ணை மாற்ற வேண்டும் என்றாள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று அவர் கேட்டார். அப்பாவின் கடை என்ன கடை என்று சின்னவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். அக்கா பையன் எங்கே படுத்திருக்கிறான் என்பதையும் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ எழுதினதால எதுவும் நடக்காதும்மா."

"தெரியும் மேடம். தெரிஞ்சும் பயமா இருக்கு."

அவர் அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். அந்த எண் இருந்த பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பயம் ஓர் இம்மியும் குறையவில்லை. கிழித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று புதிதாக ஒன்று வேறு சேர்ந்துகொண்டது.

அன்று பிற்பகல் அப்பா மருத்துவமனைக்குப் போயிருந்தார். சின்னவள் கடையில் இருந்தாள். ஓர் ஆள் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தார், எதையோ தேடுகிறவர் போல. சின்னவள் எழுந்து நின்றாள். அவர் கையை நீட்டி, உள்ளங்கையைத் தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வைத்துக் காட்டினார்.

"இவ்வளவுதான் இருப்பா" என்றார்.

இருப்பா. பெண் குழந்தை. அந்த ஒன்று நம் வீட்டுப் பிள்ளை இல்லை. கல்லை இறக்கிவைத்தது போல மூச்சு வந்தது. வந்த மறுகணமே தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எதிரே நின்றுகொண்டு தான் எதற்கு நிம்மதி அடைந்தோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. முகத்தைக் காட்ட முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்று சொல்லி, தண்ணீர் எடுக்கப் போனாள். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பா வந்தார். எதுவும் கேட்காமல் அளவு எடுத்துக்கொண்டு பலகையை இறக்கினார். அறுக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சின்னவள் பிடித்தாள். பிடி நழுவியதில் ரம்பம் கோட்டை விட்டு விலகியது. வேறு பலகை எடுத்து மறுபடி அறுத்தார்கள். வந்தவர் கடைசிவரை அந்த நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். போகும்போது கதவருகே நின்று, "ரொம்ப நன்றிம்மா" என்று அவளிடம் சொன்னார். அவள் அவருக்காகக் கதவை அகலத் திறந்துபிடித்தாள்.

வாண்டுவுக்கு மெல்ல மெல்ல மூச்சு சீரானது. ஒருநாள் காலை தானாக எழுந்து உட்கார்ந்து, ஊசி போட்ட நர்ஸை வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினான் என்று அக்கா சிரித்தபடி சொன்னாள். எல்லாரும் உயிர் பிழைத்தது போல ஆனார்கள். சின்னவள் மட்டும் குளிர் முடிகிறவரை அவனைத் தொடும்போதெல்லாம் நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழித்த பக்கத்தைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடவில்லை. மேடம் அந்தப் பக்கம் இல்லாத அறிக்கைக்கே மதிப்பெண் போட்டார், அதற்காகக் கொஞ்சம் குறைத்தும் போட்டார்.

இப்போது அவள் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் விற்பனையை முன்கூட்டிக் கணிக்கும் வேலையில் இருக்கிறாள். கணிப்பு பிசகினால் கிடங்கில் சோப்பு தேங்கும், இல்லாவிட்டால் கடைகளில் தட்டுப்பாடு வரும், மேலாளர் கத்துவார். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவரைக் கண்டால் நடுக்கம். அவளுக்கு இல்லை. ஆனால் குளிர் தொடங்கிவிட்டால் தினமும் மதிய இடைவேளையில் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். பையனுக்கு இருமல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

"அடியே, அவன் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சுட்டு வந்திருக்கான். உனக்கு வேற வேலையே இல்லையா" என்பாள் அக்கா.

"சரி, ஸ்வெட்டர் போட்டானா" என்பாள் இவள்.