கல்லு மாதிரி நிக்கும்

கசகசா ரொட்டிச் சுருளை அடுப்பிலிருந்து எடுத்ததும் எடெல்கா ஓரத்தில் ஒரு துண்டு வெட்டுவாள். தன் வாயில் போட்டுக்கொள்ள மாட்டாள். விடுதி முதலாளி பெர்ட்டலானைக் கூப்பிட்டு நீட்டுவாள்.

"இனிப்பு சரியா இருக்கா, தின்னு பாத்துச் சொல்லு."

"ஏன் அக்கா, நீயே பாக்கக் கூடாதா?"

"எனக்கு நெஞ்செரிச்சல்ப்பா."

நெஞ்செரிச்சல் எல்லாம் இல்லை. மேல்வரிசை முழுக்க அவளுக்குப் பல்செட்டு. ஒரு கசகசா உள்ளே புகுந்துவிட்டால் செருப்புக்குள் சரளைக்கல் புகுந்த மாதிரி. ஆப்பிளைத் துருவித்தான் தின்பாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சரக்கறையில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செட்டைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். அதைச் செய்துகொடுத்த டாக்டர் எப்போதோ செத்துப்போய்விட்டார். ஈறு வற்ற வற்ற அது தொளதொளத்தது. காலையில் பசை தடவி ஒட்டினால் மதியத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்கும் ஓவார், பல்லால் பிழைக்கிற ஊர். தெருவுக்கு நாலு பல் டாக்டர். மலிவான பல் வைத்தியத்துக்காக எல்லை தாண்டி ஆஸ்திரியாக்காரர்கள் கார் காராக வருவார்கள். பாதிப் பேர் தங்குவது பெர்ட்டலானின் விடுதியில். தாடை வீங்கி வருகிறவர்களுக்குப் பூசணிக் கூழும் பாலில் வெந்த ரவையும் செய்து போடுவது எடெல்காவின் வேலை. ஜெர்மன் மொழியை அவர்களிடமே கற்றுக்கொண்டாள். அவள் முதலில் படித்த சொற்கள் "சூடு", "மெதுவா", "வலிக்காது".

ஒரு தபால்காரர், ஆறடி ஆள், மறுநாள் தாடையில் திருகாணி இறக்கிப் பல் பொருத்தப் போகிறார்களே என்று கூழைத் தொடாமல் அழுதார். பார்க்கச் சகிக்காமல் எடெல்கா கரண்டிக் காம்பால் தன் முன்பல்லை டக்கு டக்கென்று தட்டிக் காட்டினாள். "இதப் பாருங்க, எனக்கும் ஸ்க்ரூ வச்ச பல்லுதான். கல்லு மாதிரி நிக்கும்." மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூழை வழித்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பொய் தானாகவே வாயில் வந்தது. பயந்தவர்கள் அவளைத் தேடி சமையலறைக்கே வந்தார்கள். பெர்ட்டலானும் நம்பினான். டாக்டர்களிடம்கூடப் பேச்சு போனது.

போன இலையுதிர்காலத்தில் வந்த ஹெட்விக் மலைப்பக்கத்துப் பால்பண்ணைக்காரி. விதவை, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். டாக்டர் கொர்னேல் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. எலும்பு மெலிந்திருக்கிறது, இம்ப்ளான்ட் ஸ்க்ரூ பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும், நல்ல பல்செட்டு போதும், முடிவு உங்களுடையது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் நேரே சமையலறைக்கு வந்தாள்.

"செட்டா, ஸ்க்ரூவா? நீ என்னம்மா சொல்ற?"

"செட்டு வேண்டவே வேண்டாம்மா," என்றாள் எடெல்கா. "இருமினா பறக்கும். சிரிக்கப் பயம். நாலு பேரோட உக்காந்து திங்க முடியாது. அது ஒரு பொழப்பா? ஸ்க்ரூ போடுங்க. கல்லு மாதிரி நிக்கும்." அவ்வளவு ஆவேசமாக அதற்கு முன் யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஹெட்விக் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வசந்தத்தில் ஹெட்விக் திரும்பி வந்தபோது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு பிடிக்கவில்லை, டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கூழின் முன்னால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு நின்னுச்சு, எனக்கு நிக்கல. என் எலும்பே உளுத்துப் போச்சு போல. மருமக முன்னாடி வாயத் திறக்க வெக்கமா இருக்கும்மா."

எடெல்காவுக்குக் காது மடல் கொதித்தது. அந்த வெட்கம் அவளுடையது. அதைச் சுமக்க வேண்டியவள் ஹெட்விக் இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாக்கால் மேல்செட்டைத் தள்ளினாள். பல்வரிசை மொத்தமும் சரிந்து கீழ்ப்பல்லின் மேல் விழுந்தது.

"ஸ்க்ரூ இல்லம்மா. எனக்கு எப்பவுமே இல்ல."

ஹெட்விக் அந்த வாயையே பார்த்தாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"பயந்தவங்களுக்குத் தைரியம் சொல்லப்போயி..."

"தைரியமா? உன் மானத்தக் காப்பாத்திக்கிட்ட. என் தாடைய வச்சு."

அவள் கூழைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெர்ட்டலான் உள்ளே வந்தான். கூழ்த் தட்டை எடுத்துக் கழுவப் போட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எடெல்காவுக்கு.

மறுநாள் காலை ஹெட்விக் கோட்டு மாட்டிக்கொண்டு கைத்தடியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"கெளம்பு. செட்டு விஷயமா டாக்டரப் பாக்கப் போறேன். நீயும் வர்ற."

வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இவ்வளவு டாக்டருங்க நடுவுல இருந்துக்கிட்டு நீ ஏன் எதுவும் பண்ணிக்கல?"

"ஆசை இல்லாம இல்லம்மா. ஸ்க்ரூவோ, புதுச் செட்டோ, எதுக்குப் போனாலும் முதல்ல வாயத் திறந்து காட்டணுமே. இது எங்க ஊரு, மறுநாளே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

டாக்டர் கொர்னேலின் காத்திருப்பு அறை நிறைந்திருந்தது. அதில் இரண்டு பேர் முந்தின இரவு அவள் கையால் ரவை வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கொர்னேல் கதவைத் திறந்தார்.

"யாரு முதல்ல?"

ஹெட்விக் கைத்தடியால் எடெல்காவைக் காட்டினாள். "இவ. இந்தத் தடவ நான் கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்."

கொர்னேலின் முகம் மலர்ந்தது. "அட, எடெல்கா அக்காவா! எல்லாரும் உங்க பல்லப் பத்தியே பேசறாங்க. அவ்வளவு நல்லாப் போட்டது எந்த டாக்டர்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. எடெல்கா உள்ளே போகவில்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், கட்டைவிரலை மேலண்ணத்தில் கொடுத்து செட்டைக் கழற்றினாள். ஏப்ரன் நுனியில் ஈரத்தைத் துடைத்தாள். டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.