மாமா வயிற்றில் பாலியஸ்டர்

பட்டு நெசவாளரான என் தாய்மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் உடுத்திய துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால், “பாலியஸ்டர்!” என்று பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, அறிவிப்பு முடிந்ததும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனார். என் துப்பட்டாவிலும் ஒரு கருகிய முனை உண்டு. அதை நான் மறக்கவில்லை.

அப்போது, இரண்டாயிரங்களின் கடைசியில், சென்னையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். தொடை வழியே குழாய் செலுத்தி ரத்தக் குழாய்களைச் சரிசெய்யும் இடம் அது. விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒரு காலையில் மாமா தறிக்குழி ஓரமாகச் சாய்ந்து கிடந்தார். அத்தை முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இடுப்பு வலிம்மா. நாள் பூரா குழியில கால விட்டுக்கினு உக்காந்தா வேற இன்னா வரும்?” என்றார் மாமா.

எங்கள் தெருவில் எந்த வலிக்கும் தறிக்குழியே குற்றவாளி. ஆனால் குழி முகத்தை இப்படி வெளுக்க வைக்காது, குளிர வியர்க்கவும் வைக்காது. தொப்புளுக்கு மேலே கை வைத்தேன். உள்ளே யாரோ தறி அடிப்பதுபோல் துடித்தது. வயிற்றின் பெரிய ரத்தக் குழாய் வீங்கிக் கிழிந்திருக்கிறது. கிழிசல் பெரிதானால் மாமா இல்லை.

“வயிறும் வலிக்குதுன்னாரு. குடல் தட்டற அம்மா வந்துக்கினு இருக்குது” என்றார் அத்தை.

“வழியிலயே திருப்பி அனுப்புங்க அத்தை. வயித்துல ஒரு விரல் படக் கூடாது.”

பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். எங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸில் ஏறியதும் போட்டேன்: ஸ்கேன் தயார், ரத்தம் தயார், டாக்டருக்குப் போன், குளுக்கோஸ் நிறைய ஏற்ற வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறினால் கிழிசல் விரியும். கடைசியாக, மாமா பேசக் கூடாது. அது ஒன்றுதான் நடக்கவில்லை.

ஸ்கேன் என் சந்தேகத்தை உறுதிசெய்தது. முழு மயக்கம் கொடுத்தால் அழுத்தம் ஒரேயடியாக விழலாம் என்று தொடையை மட்டும் மரத்துப்போக வைத்தார் டாக்டர். மாமா விழித்தபடியே கிடந்தார்.

“ஏம்மா, உங்க மாமா பேசப் பேசப் படம் கலங்குது. தலைமாட்டுல வந்து நில்லு” என்றார் டாக்டர்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“உள்ள இன்னா வெக்கறாங்கோ?”

“கம்பி வெச்ச துணிக்குழாய் மாமா. மடிச்சு எடுத்துக்கினு போய் உள்ள விரிப்பாங்க. ரத்தம் அதுக்குள்ளயே ஓடும், கிழிசல் பக்கம் போகாது.”

“துணியா? நெய்ஞ்சதா?”

“நெய்ஞ்சதுதான்.”

அவர் முகத்தில் ரத்தமே திரும்பியதுபோல் இருந்தது. “இன்னா நூலு?”

சிறுநீரகக் குழாய்களுக்குக் கீழே, சரியான இடத்தில் அது விரிய வேண்டும். கொஞ்சம் மேலே போனால் சிறுநீரகம் போய்விடும். இனி அசையக் கூடாது என்று டாக்டர் கையைத் தூக்கினார்.

“மூச்சப் பிடிச்சுக்கினு அசையாம இருந்தாத்தான் சொல்வேன்.”

சிலையாகக் கிடந்தார். அறுபது வருஷ வாழ்க்கையில் அதுதான் அவருடைய முதல் மௌனமாக இருக்கும். திரையில் துணி விரிந்தது. கசிவு நின்றது. சரிந்துகொண்டிருந்த அழுத்தம் மெல்ல ஏறியது.

“ம். சொல்லு.”

“பாலியஸ்டர்.”

டாக்டரின் தோள்கள் குலுங்கின.

“பட்டு இல்லியா?”

“பட்டு உள்ள போனா நாளாக ஆக இத்துப்போயிடும் மாமா.”

டாக்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். “உங்க அத்தைக்குக்கூடச் சொல்லாதம்மா.”

வீடு திரும்பிய மாதம், பளபளக்கும் புடவையில் ஒரு சொந்தக்காரப் பெண்மணி அவரைப் பார்க்க வந்தார். மாமாவின் கை பழக்கதோஷத்தில் தீப்பெட்டியை நோக்கிப் போனது. நான் துப்பட்டாவின் கருகிய முனையைத் திருகிக்கொண்டே லேசாக இருமினேன்.

கை திரும்பி வந்து வயிற்றின் மேல் உட்கார்ந்தது.

“நல்ல துணிதாம்மா” என்றார் அவரிடம். “உழைக்கும்.”