அங்கிள், எவர்சில்வர் வேறு, சில்வர் வேறு

உலோகத்தைப் புதிதாகத் தயாரிப்பதைவிடப் பழையதை உருக்கினால் எவ்வளவோ மின்சாரம் மிச்சம். இதை மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தி, இன்று எங்கள் ஊர் பேர்லேண்ட் தமிழ்ப் பள்ளி பார்க்கிங்கில் பழைய பாத்திரம் சேகரித்தோம்.

ஒருவர் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியில் ஏசியோடு தனியாக வந்து, ஜன்னல் வழியாக ஒரு நசுங்கிய டம்ளரை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

மதியம் மூட்டைகளை ஏற்ற லாரி வரவேண்டும். ஒரு குட்டிக் கார் வந்தது. இறங்கிய ஸ்கிராப் கம்பெனிக்காரர் கையில் நகைக்கடைத் தராசு.

"சில்வர் எங்கே?"

எங்கள் குழுவில் கம்பெனிக்கு ஃபோன் செய்தவர் ஒரு அங்கிள். அவரைப் பார்த்தேன்.

"எவர்சில்வர்னா அவனுக்குப் புரியாதேப்பா. அதான் ஷார்ட்டா சில்வர்னு சொன்னேன்."

"அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அங்கிள்!"

"அதை நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?"

லாரி இனி அடுத்த வாரம்தான். பார்க்கிங்கையோ மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். காலையில் வந்த அத்தனை எஸ்யூவிகளும் திரும்பி வந்து, அவரவர் பாத்திரத்தை ஏசியில் வீட்டுக்கு அழைத்துப் போயின.

ஒரு இட்லிப் பானை மட்டும் என்னிடம் இருக்கிறது. உரியவர்கள் தயவுசெய்து பஸ்ஸில் வரவும். இந்த ஊரில் பஸ் இல்லை என்று கமெண்டில் சொல்ல வேண்டாம், எனக்கும் தெரியும்.