அண்ணன் பெட்டிக்கு வைத்த பீடிங்

கிள்ளான் கடைத்தெருவில் தச்சு வேலை செய்த ஸ்டானிஸ்லாஸ், கோபத்தைச் சோறு போட்டு வளர்த்த மனுஷன். யாரோடு அவனுக்கு ஆகும்? பக்கத்துக் கடைக்காரனோடு ஆகாது. பெண்டாட்டி பாக்கியத்தோடு பாதி நாள் பேச்சில்லை. ஆனால் அலமாரி ஓரத்தில் அழகுக்குப் பதிக்கும் சட்டம் இருக்கிறதே, பீடிங், அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு சட்டத்தைச் சாய்த்து வெட்டி மூலையில் சேர்த்தானென்றால் நகம்கூட நுழையாது.

அவனை ஊரிலிருந்து கப்பலில் கூட்டிவந்து ரயில் பட்டறையில் சேர்த்துவிட்டது அண்ணன் இருதயம். அங்கேதான் வினை. முதல் வகுப்புப் பெட்டியொன்றில் தம்பி வைத்த பீடிங் மூலையில் வாயைப் பிளந்திருந்தது. மேஸ்திரியான இருதயம் அத்தனை பேர் முன்னால் அதைப் பெயர்த்தெறிந்து, "திரும்ப வெட்டுடா" என்றான். அவ்வளவுதான்! அன்றைக்கே உளியைச் சுருட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறியவன், பிறகு அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று ஆள்மேல் ஆள் வந்து சொன்னார்கள். "சாகட்டும்" என்றான், வாய் கூசாமல்.

செத்தும் போனான். செய்தி கேட்டதும் ஸ்டானிஸ்லாஸுக்கு என்ன வந்ததோ, கடையைச் சாத்திவிட்டுத் தேக்கில் நாலு சட்டம் இழைத்தான். அண்ணனின் சவப்பெட்டிக்குத் தன் கையால் பீடிங் வைத்தே தீருவது என்று வைராக்கியம். அளவா? அண்ணன் உடம்பு அவனுக்குத் தெரியாதா!

பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியின் மூடி தனியாக இருந்தது. தலைமாட்டுச் சட்டத்தை வைத்துப் பார்த்தான். நாலு விரல் வெளியே நீட்டியது. கால்மாட்டுச் சட்டமும் அப்படியே.

இருதயத்தின் மனைவி வெரோனிகா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ போனப்ப இருந்த ஒடம்புக்கு வெட்டிட்டு வந்திருக்கே. எலும்பாக் கெடந்த மனுஷனை நீ எங்க பார்த்தே?"

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "குறைச்சிடுறேன், அண்ணி. இதை மட்டும் செய்ய விடுங்க."

"மாதா கோயில் மணி அடிச்சதும் மூடிடுவாங்க. அதுவரைக்கும் என்னமோ செஞ்சுக்க."

ஒரு பக்கத்து நீளச் சட்டம் சுலபமாகப் பொருந்தியது. வஜ்ஜிரப் பசை தடவி, மெல்லிய ஆணி அடித்தான். தலைமாடும் கால்மாடும்தான் பாடாய்ப் படுத்தின. வெட்டி, வைத்துப் பார்த்து, இழைத்து, மறுபடி வைத்து... பிடித்துக்கொள்ளக்கூட ஒருத்தன் வரவில்லை, பாவிகள்! கடைசிச் சட்டத்துக்குப் பசை தடவும்போது மணி அடித்தது.

"மூடியைப் போடுங்கப்பா," என்றாள் வெரோனிகா.

"அண்ணி! இது ஒண்ணுதான் பாக்கி. கொஞ்சம் பொறுங்க!"

"அவரும் பொறுத்தாரு. சாகுற அன்னிக்கு வரைக்கும் 'தம்பி வந்துட்டானா'ன்னு வாசலையே பார்த்துக் கெடந்தாரு. நீ வந்தியா? போடுங்கப்பா மூடியை!"

மூடித் தூக்கிவிட்டார்கள். தோள் கொடுக்கப் போனவனைப் பட்டறைக்காரன் ஒருவன் முழங்கையால் தள்ளினான். ஒரு பக்கம் வெறும் பலகையாகவே இருதயத்தின் பெட்டி தெருவில் போனது. ஸ்டானிஸ்லாஸ் பசை காயாத சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதபடி பின்னால் நடந்தான்.