இடதுகைக்காரரைக் கொடுத்துவிடச் சொன்னேன்

லண்டனில் பேஸ்போல் பார்க்கிற தமிழன் என்று என்னைத் தவிர வேறு எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. கோயிலுக்கு பேஸ்போல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனால், செருப்பு வைக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுவார்கள்.

"என்ன அண்ணை, உங்கட கிட்டிப்புள்ளுக்காரர் வெண்டவங்களோ?"

சிரித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். தொப்பி ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணை வாங்கித் தந்தது. அவருடைய மகளின், என் பெறாமகளின், கலியாணத்துக்காக அங்கே போய் ஒரு மாதம் நின்றபோது, அண்ணைதான் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் இரண்டு மணித்தியாலம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, மேட்டில் நின்று பந்து எறிகிற ஒரு இடதுகைக்காரரை அண்ணை காட்டினார். "இவனைப் பாரடா. கத்தமாட்டான், கோவிக்கமாட்டான். வந்த வேலையைச் செய்திட்டுப் போவான்." அன்று தொடங்கியது எனக்குப் பைத்தியம்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அண்ணைக்கும் வேறு கதை குறைவு. பிள்ளைகள் சுகமா, அங்கே பனியா, முடிந்தது. பேஸ்போல் வந்த பிறகுதான் நாளாந்தம் கதைக்கத் தொடங்கினோம். நான் ஒரு மொத்தக் கடைக்கு வான் ஓட்டுகிறேன். டூட்டிங் கடைகளுக்கு அரிசியும் மாவும் இறக்கிவிட்டு ஐந்து மணிக்கு வானை ஓரங்கட்டினால், அண்ணைக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவருக்குக் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அவர் கதைக்கும்போது பின்னால் மெசின் இரையும்.

இந்த விளையாட்டில் யூலை மாதக் கடைசியில் ஒரு தவணை நாள் உண்டு. அதற்குள் அணிகள் ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். ட்ரேட் என்பார்கள். மூத்தவர் ஒருவரைக் கொடுத்து இளையவர் இருவரை எடுப்பார்கள். போகிறவரைப் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. அந்த மாதம் முழுக்க, யாரைக் கொடுக்கவேண்டும் யாரை எடுக்கவேண்டும் என்று நான் வானுக்குள் இருந்து தீர்ப்புச் சொல்லுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு ஒரு முழு அணியையே நடத்துகிற நினைப்பு.

போன வருடம் அந்த இடதுகைக்காரருக்கு முழங்கையில் நோவு. பந்தில் வேகம் இல்லை. நான் சொன்னேன்: "அண்ணை, ஆளைக் குடுத்துவிடவேணும். அடுத்த வருஷம் ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள்."

"ஏழு வருஷம் எறிஞ்சவனடா."

"எறிஞ்சதுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்தானே. இன்னும் கோயில் கட்டிக் கும்பிடவோ?"

வழக்கமாக அண்ணை திருப்பித் தருவார். 'நீ வெங்காயம் ஏத்துறவன், உனக்கென்ன தெரியும்' என்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. நான் விடவில்லை. "வயசு போனா இடத்தை விடவேணும். இளந்தாரியள் வாசலில நிக்கிறாங்கள். விளையாட்டு வேறை, இரக்கம் வேறை."

"ஓம்," என்றார் அண்ணை. "நீ சொல்லுறது சரிதான்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அன்று பின்னால் மெசின் சத்தமே இல்லை. அதற்கு முதல் பல கிழமைகளாகவே இல்லை. எத்தனை மணிக்கு அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்தார். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணி அழைத்தா. அவ தானாக அழைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

"தம்பி, உந்தப் பந்துக் கதையை இவரோட கொஞ்ச நாளைக்குக் கதையாதேங்கோ."

"ஏன் அண்ணி?"

அவ அழத் தொடங்கினா. வசந்த காலத்திலேயே தொழிற்சாலையில் வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். மூத்தவர்களை நிற்பாட்டி, இளையவர்களை வைத்துக்கொண்டார்களாம். "பேஸ்மென்டில குடியிருக்கிறது எங்கட ஊர்ச் சனம். அதுகளுக்குத் தெரியக்கூடாதெண்டு இப்பவும் விடிய நான் கட்டிக் குடுக்கிற சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிடுறார். பின்னேரம் வரைக்கும் லைப்ரரியில இருக்கிறார். அண்டைக்கு உங்களோட கதைச்சுப்போட்டு வந்து சாப்பிடேல்லை. 'தம்பியும் அதைத்தான் சொல்லுறான்' எண்டு மட்டும் சொன்னவர்."

"நான் உடன அண்ணையோட கதைக்கிறன்," என்றேன்.

"நான் சொன்னதெண்டு மட்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ. அம்மாளாச்சியாணை. தம்பிக்குத் தெரிஞ்சா நான் செத்துப்போவன் எண்டு சொன்ன மனுசன்."

அம்மாளாச்சியின் பெயரில் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்ய?

அந்த வெள்ளிக்கிழமை விரதம். மனைவி பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து வைத்திருந்தா. தட்டை மூடி வைத்துவிட்டு எழும்பினேன். நான் அண்ணைக்குச் சொன்னது இரவல் சொல்லா, திருப்பிக் கொடுக்க? நானே யோசித்து, நானே சுவைத்துச் சொன்னது. தவணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது: அந்த இடதுகைக்காரரை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் என் சொல் பொய்யாகிவிடும். அண்ணையின் மனம் கொஞ்சம் ஆறும். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோயிலுக்குப் போனேன்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். இடதுகைக்காரருடைய பிறந்த திகதியை இணையத்தில் பார்த்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் ஐயரிடம் நீட்டினேன். "இதுக்கு நட்சத்திரம் பார்த்துச் சொல்லுவியளோ ஐயா?"

ஐயர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பிறந்த நேரம்?"

"தெரியாது ஐயா."

"பிறந்த இடம்?"

"அமெரிக்கா ஐயா, ரெக்சஸ்."

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மகளுக்குப் பாக்கிறியளோ? வெள்ளைப் பொடியனோ? சாதகம் பொருந்தாட்டிலும் பிள்ளையின்ர விருப்பமெண்டா ஒண்டும் யோசியாதேங்கோ."

"இல்லை ஐயா, அவருக்குக் கலியாணம் முடிஞ்சுது."

"சிவ சிவா!"

பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. முருகனுக்கு முன்னால் நின்று, யாரோ ஒரு கோடீஸ்வரனின் முழங்கைக்கு வேண்ட வந்திருக்கிறேன். கூடப் பிறந்தவன் லைப்ரரியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருக்கிறான். துண்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்தேன்.

"அண்ணைக்குச் செய்யுங்கோ ஐயா. பூரட்டாதி."

அர்ச்சனை முடிந்து திருநீறு தரும்போது ஐயர் கேட்டார்: "அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"மனம் சுகமில்லை ஐயா. நான்தான் காரணம்."

ஐயர் எனக்கு இன்னும் கொஞ்சம் திருநீறு தந்தார்.

அந்த நாட்களில் அண்ணையை அழைக்கவே பயமாக இருந்தது. பந்தைப் பற்றிக் கதைத்தால் குத்தும். கதைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார். ஒரு கிழமை அழைக்கவில்லை. தவணைக்கு முதல் நாள் டூட்டிங்கில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. இடதுகைக்காரரைக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு இளையவர் இருவர். நான் சொன்னபடியே, எழுத்துப் பிசகாமல்.

மாவு மூட்டையின் மேல் அப்படியே இருந்துவிட்டேன். கடைக்காரர், "என்ன அண்ணை, இடுப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

வானுக்குள் ஏறி அண்ணையை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கேள்விப்பட்டனான்," என்றார். "உன்ர கட்சி வெண்டிட்டுது."

"இல்லை அண்ணை. நான் சொன்னது பிழை. வைச்சிருந்திருக்கவேணும்."

"போன கிழமை ஒரு கதை, இந்தக் கிழமை ஒரு கதையோ? டேய், அவள் உன்னோட ஏதும் கதைச்சவளோ?"

நெற்றியில் அன்று காலை பூசிய திருநீறு இருந்தது. கண்ணாடியில் தெரிந்தது.

"இல்லை அண்ணை. அண்ணி கதைச்சுக் கனகாலம்."

சத்தியத்தைக் காக்கப் பொய் சொன்னேன். எது பெரிய பாவம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவராகச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.

"வேற ஊரில போய் எறிவான்தானே," என்றார் கடைசியில். "கை கிடக்குத்தானே அவனுக்கு."

"ஓம் அண்ணை. எறிவார்." பிறகு அவசரமாகச் சொன்னேன்: "அடுத்த மாதம் இஞ்ச கோயில் தேர்த் திருவிழா. வந்து ரெண்டு கிழமை என்னோட நில்லுங்கோவன். பிளேன் ரிக்கற் நான் போடுறன்."

"லீவு தரமாட்டாங்களடா. இப்ப சரியான வேலை."

"கேட்டுப் பாருங்கோவன்."

"பாப்பம். கேட்டுப் பாக்கிறன்."

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து மெதுவாகக் கதையுங்கள் என்றது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

"சுப்பர்வைசர் கூப்பிடுறாள்," என்றார் அண்ணை. "வைக்கட்டே?"

"ஓம் அண்ணை," என்றேன். "போய் வேலையைப் பாருங்கோ."